கழிமுகச் சேறு

அமலன் விபத்தில் இறப்பதற்கு முந்தைய வாரம் கழிமுகத்தில் அள்ளிவந்த சேறு, ஆய்வகக் குடுவையில் இரண்டு வருடமாக உயிரோடிருந்தது. அவன் மனைவி செல்வராணி வாரந்தோறும் அதில் நைட்ரேட் ஊற்றுவாள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதைத் தின்று, நைட்ரஜனைக் குமிழ்குமிழாக வெளியே விடும். அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஆராய்ச்சி முடிந்ததும் குடுவைகளைக் காலிசெய்யச் சொன்னார்கள். குப்பையில் கொட்ட மனம் வராமல் அந்தக் குடுவையோடு படகேறினாள்.

“இங்கதான் மேடம், அன்னிக்கு சாரு இடுப்பளவு தண்ணில நின்னு அள்ளுனாரு,” என்று அலையாத்தி வேர்களைக் காட்டினார் படகோட்டி சவரிமுத்து.

செல்வராணி அங்கே இறங்கி நின்றாள். குடுவைக்குள் கைவிட்டு ஒரு பிடி சேற்றை எடுத்து நீரில் கரைத்தாள். பிறகு மூடியை இறுக்கித் திருகினாள்.

“அவ்வளவுதானா?”

“மிச்சத்துக்கு இன்னொரு நாள் வரேண்ணே.”