ஏழாவது பாட்டு

“யானைக்காதுங்கிறது நீங்கதானே?”

வந்தவள் உட்காருவதற்கு முன்பே கேட்டாள். கறுப்புப் பையிலிருந்து ஒரு பிரிண்ட் அவுட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதில் வரிக்கு வரி சிவப்பு மையில் அடிக்கோடு.

அவர் அச்சகத்தில் புரூஃப் ரீடர். அடுத்தவர் எழுத்தில் சிவப்புக் கோடு போட்டே இருபது வருஷமாகச் சம்பளம் வாங்கியவர், தன் எழுத்தில் அதைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனார். ரசிகர்கள் திருட்டுத்தனமாகப் பதிவு செய்யும் ராக் கச்சேரிகளுக்கு ஓர் இணையதளத்தில் விமர்சனம் எழுதுவார். அங்கே அவர் பெயர் யானைக்காது.

“நான்தான். என் விலாசம் எப்படி...?”

“வெப்சைட் நடத்துறவர் குடுத்தார். நான் அந்தக் குழு தரப்புல இருந்து வரேன்.”

எந்தக் குழு என்று அவர் கேட்கவில்லை. ஆல்பமே போடமாட்டோம், கேட்க வேண்டுமானால் நேரில் வாருங்கள் என்று வீம்பு பிடித்த ஹார்ட் ராக் குழு. ‘ஒலிப்பதிவு செய்பவர் மீது வழக்குத் தொடரப்படும்’ என்று டிக்கெட்டின் பின்னாலேயே அச்சடித்தவர்கள்.

அவள் விமர்சனத்தைச் சத்தமாகப் படித்தாள். “‘பேஸ் கிடார் கிணற்றுக்குள் வாசித்த மாதிரி இருக்கிறது. பக்கத்தில் ஒரு புண்ணியவான் விசிலடித்தே நாலாவது பாட்டைக் கொலை செய்துவிட்டார். ஆனால் ஏழாவது பாட்டுக்கு ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு நின்று பாடகர் பாடியதற்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம். பத்துக்கு ஏழு.’ நீங்க எழுதினதுதானே?”

“ஆமா. யாரோ ஒரு ரசிகர் அனுப்பினார். கேட்டேன், எழுதினேன், திருப்பி அனுப்பிட்டேன்.”

“யார் அவர்?”

“பேர் போடலைங்க.”

“முழுசா இருந்துச்சா? கடைசிப் பாட்டு முடியற வரைக்கும்?”

“இருந்துச்சு... இருங்க, டீ சொல்லிட்டு வரேன்.”

சமையலறைக் கதவுக்குப் பின்னால் மனைவி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

“வக்கீலா?”

“அப்படித்தான் தெரியுது.”

“படிச்சுப் படிச்சுச் சொன்னேன். தொப்பிக்குள்ள மிஷினை ஒளிச்சு வெச்சுக்கிட்டுப் போற வயசா இது? இப்பவே அழிச்சுத் தொலைங்க.”

சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருந்தது, தீப்பெட்டி அளவு ரெக்கார்டர். வெளியே கசிந்தால் வம்பு என்று அவர் ஒரு நகல்கூட எடுக்கவில்லை. இருந்தது அந்த ஒன்றுதான்.

“அழிச்சா போச்சுடி. திரும்பக் கிடைக்காது.”

அவர் சொன்னது நிஜம். அந்தக் கச்சேரி முடிந்த மறுமாதமே பாடகருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. பாட்டு மட்டுமில்லை, பேச்சும் போய்விட்டது. அன்றிலிருந்து தினமும் ஆபீஸ் கிளம்பும் முன் ஏழாவது பாட்டை ஒரு தடவை கேட்காமல் அவர் செருப்பு மாட்டியதில்லை.

“ஜெயிலுக்குள்ள வந்து யார் பாடிக் காட்டப்போறாங்க? வேலை போச்சுன்னா பொண்ணு படிப்பு என்னாகும்?” மனைவியின் குரல் உடைந்தது.

கூடத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் கை தானாகப் பொத்தானுக்குப் போனது. ‘நிச்சயமாக அழிக்கவா?’ என்றது சின்னத் திரை. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். ரெக்கார்டரைப் பழையபடி சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்தார்.

டீயோடு திரும்பியபோது அவள் நின்றுகொண்டிருந்தாள்.

“சார், ஒரே ஒரு சந்தேகம். அவர் ஷூவைக் கழட்டினது உங்க காதுல எப்படிக் கேட்டுச்சு?”

அவர் டீத் தட்டை மேஜைமேல் வைத்தார். ஊரார் பிழையெல்லாம் கண்ணில் படும் மனுஷனுக்குத் தன் பிழை படவே இல்லை.

“ரெக்கார்டிங்ல அது வந்திருக்க முடியாது. நேர்ல பார்த்தவங்களுக்குத்தான் தெரியும். அன்னிக்கு எடுத்தது நீங்கதானே? மறைக்காம சொல்லுங்க.”

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? தடயம்தான் இல்லையே. அவருக்கு அசட்டுத் தைரியம் வந்தது.

“ஆமாங்க, நான்தான் எடுத்தேன். என்ன பண்ணணுமோ பண்ணிக்கங்க.”

அவள் சட்டென்று முகத்தைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்தபோது கண்ணெல்லாம் தண்ணீர். ஆனால் சிரித்தாள்.

“மன்னிச்சுக்கங்க சார், ரொம்ப மிரட்டிட்டேன். எங்க ஸ்டுடியோவுல தீப்பிடிச்சு, வெளியே விடாம எங்களுக்குன்னு எடுத்து வெச்சிருந்த டேப் அத்தனையும் சாம்பலாயிடுச்சு. பத்து நாளா அலையறோம். காரணத்தைச் சொல்லிக் கேட்டா, எங்கிட்ட இருக்கு, எங்கிட்ட இருக்குன்னு கண்டவனும் வந்து நிக்கிறான். நிஜமா அன்னிக்கு வந்த ஆள் யாருன்னு கண்டுபிடிக்கத்தான் இப்படிக் குடைஞ்சேன்.”

“அம்மா... அது...” என்று அவர் தொடங்கினார். சமையலறை வாசலிலிருந்து மனைவி சர்க்கரை டப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

வந்தவள் அதற்குள் பால்கனிக்கு ஓடியிருந்தாள். கம்பிமேல் குனிந்து, தெருவில் நின்ற காரைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

“ஏங்க, மேல வாங்க! உங்க குரல் கிடைச்சிடுச்சு!”