வரிக்கு மேலே பென்சில் எழுத்து

ஏழாம் வகுப்பு இசக்கியின் ஆங்கில இலக்கணப் புத்தகத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"என் வாக்கியங்களுக்கு மேலே தமிழில் கிறுக்குகிறாயே, அசிங்கமாக இல்லை?" என்று பென்சிலைத் திட்டியது.

"நாளைக்கு அவள் எழுந்து நின்று வாசிக்கணும். உன்னைப் பார்த்தாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதான், எப்படிச் சொல்லணும் என்று தமிழில் எழுதிவைக்கிறேன்" என்றது பென்சில்.

மறுநாள் வகுப்பில் இசக்கி எழுந்து நின்றாள். அவள் கை நடுங்கியதில் புத்தகமும் சேர்ந்து நடுங்கியது. முதல் வாக்கியத்தைத் தட்டுத்தடுமாறி வாசித்தாள். மூன்றாவது வாக்கியத்தில் நடுக்கம் நின்றது.

முழுப்பரீட்சை முடிந்ததும் பென்சில் எழுத்தை அழிக்க ரப்பர் வந்தது.

"அழிக்காதே" என்றது புத்தகம். "அடுத்த வருஷம் நான் அவள் தங்கையிடம் போகிறேன். அவளுக்கும் கை நடுங்குமே."