காலுக்கு ஒரு மட்டி

பாறை இடுக்கில் நீலி என்றொரு நண்டு இருந்தது. அதன் பின்னுடம்பில் ஓடு கிடையாது, சங்குக்குள்தான் குடியிருப்பு. அந்தச் சங்கைப் பேய்க்கணவாய் அண்ணாச்சியிடம் ஒரே ஒரு மட்டிச் சிப்பி கொடுத்து வாங்கியிருந்தது. "இனி இது உனக்கேதான்" என்று அவரும் கையடித்துக் கொடுத்தார். அங்கிருந்த மற்ற நண்டுகளும் தங்கள் சங்கை அவரிடம் அப்படித்தான் வாங்கியிருந்தன. நாளாக ஆக, நீலியின் உடம்பே அந்தச் சங்கின் வளைவுக்கு வளைந்துவிட்டது.

ஒருநாள் அண்ணாச்சி எட்டுக் கைகளையும் விரித்துக்கொண்டு வந்தார். "சங்கெல்லாம் என்னுது. உங்களைக் குடியிருக்க மட்டும்தான் விட்டேன். இனிமே கடல் ஏறும்போதெல்லாம் காலுக்கு ஒரு மட்டி. முடியாதவங்க இறங்கிக்கலாம்."

நீலி எட்டிப் பார்த்தது. வெளியே மீன்கள் வாயைத் திறந்துகொண்டு திரிந்தன.

"அண்ணாச்சி, எனக்குப் பத்துக் கால் இருந்தாலும் நடக்கிறது நாலுலதானே?"

"நடக்கிற காலைப் பத்தி யாரு கேட்டா? இருக்கிற காலுக்குத்தான் கணக்கு."

நண்டுகளெல்லாம் திரண்டுபோய் அவர் பொந்தை வளைத்துக்கொண்டு கத்தின. அண்ணாச்சி சிவந்தார், வெளுத்தார், கடைசியில் தணிந்தார். "சரி, பழையபடியே இருங்க. இப்போதைக்கு."

நண்டுகள் கொடுக்கைத் தூக்கி ஆடின. நீலியும் ஆடியது. ஆனால் 'இப்போதைக்கு' என்ற அந்தச் சொல் அதன் நெஞ்சை விட்டு இறங்கவில்லை.

மறுநாள் கரையில் ஓர் உடைந்த தேங்காய்ச் சிரட்டை ஒதுங்கியது. விளிம்பு கிழிக்கும், வளைந்த உடம்பு வலிக்கும் என்று தெரிந்தும், நுழைந்து பார்க்க நீலி பதுங்கிப் பதுங்கிப் போனது. அங்கே, நேற்று ஆடிய நண்டுகளில் பாதி, ஒன்றின் முகத்தை ஒன்று பார்க்காமல் வரிசையில் நின்றுகொண்டிருந்தன.