பலூன் வேணாம்

"பக்கத்து வீட்டுப் பிறந்தநாள்ல பலூன் வெடிச்சதுக்கு மேசைக்கு அடியில பாய்ஞ்சுட்டாரு டாக்டர். தனியா பாய்ஞ்சிருந்தா பரவாயில்லை. மூணு பிள்ளைங்களையும் கேக்கையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போயிட்டாரு."

மனைவி சொல்லச் சொல்ல, கணவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மனநல மருத்துவருக்குச் சிரிப்பு முட்டியது. மேசையில் இருந்த கடிதத்தைப் புரட்டி அதை அடக்கிக்கொண்டார். தொலைக்காட்சி நிறுவனம் கொடுத்தனுப்பிய கடிதம். போர்ச் செய்திப் பிரிவு, ஒன்பது வருடப் பணி என்று போட்டிருந்தது. அப்புறம் என்ன, நோய் இன்னதென்று கேட்கவே வேண்டாம்.

அந்த அம்மாள் விடுவதாக இல்லை. ஓட்டலுக்குப் போனால் சுவரோரம்தான் உட்காருவாராம். யாராவது கதவைச் சாத்தினால் துள்ளி எழுவாராம். மிக்சியைப் போடுமுன் 'போடப் போறேன்' என்று மூன்று தரம் குரல் கொடுக்க வேண்டுமாம்.

"வர்ற ஞாயித்துக்கிழமை பொண்ணுக்குப் பிறந்தநாள். அப்பா இருக்கட்டும், பலூன் வேணாம்னு அவளே சொல்லிட்டா. ஏழு வயசுதான் டாக்டர் ஆகுது."

கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மருத்துவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். தானும் அந்தச் சேனலுக்கு ரசிகர்தான் என்றார்.

"தினம் ராத்திரி உங்க போர்ச் செய்தியைப் பார்த்துக்கிட்டேதான் சாப்பிடுவேன். ஒருநாள்கூட எனக்குச் சோறு இறங்காம போனதில்லை. மனசைத் திடமா வச்சுக்கணும் சார்."

தன் வீரத்தை இப்படிச் சொல்லிக்கொண்ட கையோடு, சீட்டில் பெரிய எழுத்தில் எழுதினார்: ஆறு மாதத்துக்குப் போர்க்களத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது.

மனைவி அதை வாங்கி இரண்டு தரம் படித்தாள்.

"இவரு போர்க்களத்துக்குப் போனதே இல்லையே டாக்டர். வீட்டை விட்டா ஆபீஸ் மூணாவது மாடி. அதைத் தாண்டி எங்கேயும் போனதில்லை."

மருத்துவர் திருதிருவென்று விழித்தார். அப்படியானால் ஒன்பது வருடமாக அங்கே என்னதான் செய்கிறார் என்று கேட்டார்.

வந்ததிலிருந்து வாயே திறக்காத கணவர் அப்போதுதான் பேசினார்.

"அங்கேருந்து வர்ற படத்தையெல்லாம் முதல்ல நான் ஒருத்தன்தான் டாக்டர் பார்ப்பேன். உங்களுக்குச் சோறு இறங்காதுன்னு தோணுறதையெல்லாம் வெட்டி எடுத்துட்டுதான் அனுப்புவேன்."