வழவழப்பான தளம்

"நாளைக்குக் கான்கிரீட் ஊத்துறதுக்கு முன்னால பூஜை. டாக்டரம்மா வெறுங்காலோட தளத்துத் தகட்டு மேல நடப்பாங்க. துருத்திக்கிட்டு நிக்கிற எதுவும் அங்க இருக்கக் கூடாது," என்றார் என்ஜினியர் நாகநாதன். பேசும்போது எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

"எதுவுமே வேணாமா சார்? அந்த..." என்று இழுத்தார் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் சின்னையா.

"இதுக்குத்தான் உன்னை இந்த ஜெலுத்தோங் வட்டாரம் தாண்டி யாரும் வேலைக்குக் கூப்பிடறதில்ல. யோசிக்கிறது என் வேலை. நீ சொன்னதைச் செய் லா!"

மறுநாள் காலை, கிளினிக் கட்டும் டாக்டர் ஞானாம்பிகை சூடத்தட்டுடன் தளத்தை வலம் வந்தார். காலடியில் இரும்புத் தகடு வழவழவென்று இருந்தது. கீழே சந்துமுனையில் கான்கிரீட் லாரி உறுமிக்கொண்டிருந்தது.

"பீம் எல்லாம் இவ்வளவு ஒல்லியா இருக்கே சார், நாலு மாடி தாங்குமா?" என்று கேட்டார் டாக்டர்.

நாகநாதன் சின்னையாவை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தார்.

"இதெல்லாம் இவனுங்களுக்குப் புரியாது டாக்டர். ரெண்டு பழைய கடைவீட்டுக்கு நடுவுல பெரிய பீமைக் கொண்டு வரவே முடியாது. அதான் சின்ன இரும்பு பீம். அதுக்கு மேல வரிசையா இரும்புக் குமிழ் வெல்டிங் பண்ணியிருக்கோம். அதுங்க கான்கிரீட்டைக் கவ்விப் பிடிச்சாத்தான் பீமும் தளமும் ஒண்ணா நின்னு சுமை தாங்கும். கட்டடத்தோட உயிரே அதுதான். இதோ, காட்டுறேன்..."

குனிந்தவர் நிமிரவில்லை.

"ஒண்ணுகூட விடாம அறுத்துட்டோம் சார்," என்றார் சின்னையா. "யோசிக்கவே இல்ல லா."