மாதிரிக் கூடு

“இந்தத் தடவை நல்ல தடிப்பா இருக்கு. கையில வாங்கித்தான் பாருங்களேன்” என்று ஒரு பிளாஸ்டிக் உருண்டையை நீட்டினார் சந்தியாகு.

அல்போன்சா வாங்கவில்லை. அவள் கையெல்லாம் பசை. வானவெடிக்கு மருந்து அடைக்கும் கூட்டின் மேல் எட்டாவது சுற்றுக் காகிதத்தை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

தூத்துக்குடி மாதா கோயில் திருவிழாவுக்கு வாணம் செய்து கொடுப்பது அவள் புருஷனின் தொழில். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். யுத்தம் முடிந்ததும் லைசென்சைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டு அவளே தொழிலில் இறங்கிவிட்டாள்.

வெடிக்குப் பிளாஸ்டிக் கூடு விற்கும் கொழும்புக் கம்பெனி ஒன்றின் ஏஜெண்டாகச் சந்தியாகு முதலில் வந்தது ஜனவரியில். இப்போது ஜூலை. அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் ஒரு மாதிரிக் கூட்டை எடுத்துக்கொண்டு புன்னைக்காயலிலிருந்து கிளம்பி வந்துவிடுவார். ஒண்டிக்கட்டை. வேலையே கதியென்று திரிகிற மனுஷன் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். கடைத்தெருவில் எல்லாரையும் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவள், இவரை மட்டும் ஏஜெண்டு என்றே கூப்பிட்டாள்.

வாராவாரம் அதே வாக்குவாதம்தான். கடல்காற்றில் காகிதம் நமுத்துப்போகிறது, காயப் பத்து நாள் ஆகிறது, பிளாஸ்டிக் என்றால் இரண்டு பாதியை ஒட்டினால் முடிந்தது என்பார் அவர். காகிதம் வானத்திலேயே எரிந்து போகும், பிளாஸ்டிக் சில்லு சனங்கள் தலையில் அல்லவா விழும் என்பாள் அவள். பேச்சு முடிவதற்குள் இரண்டு காப்பி ஆகிவிடும்.

அன்று அவள், பேசியது போதும், சுட்டே பார்த்துவிடலாம் என்றாள். அந்தி சாயும் நேரத்தில் இருவரும் கடற்கரைக்குப் போனார்கள். கூட ஒத்தாசைக்கு, அவளிடம் காகிதம் ஒட்ட வரும் சீனித்தாய் வந்தாள்.

இரும்புக் குழாயிலிருந்து முதலில் காகிதக் கூடு மேலே போனது. வட்டமாக, ஒரு பக்கமும் குறையாமல் விரிந்தது. அடுத்துப் போன பிளாஸ்டிக் கூடு ஒட்டின இடத்தில் பிளந்து, நெருப்பெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்தது. மணலில் விழுந்த சில்லுகளைச் சந்தியாகு குனிந்து பொறுக்கினார். ஒன்று விரலைக் கிழித்துவிட்டது.

அல்போன்சா தன் முந்தானையைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். “ஆறு மாசமா ஒரு ஆர்டர்கூட எடுக்கலியே. கம்பெனியில ஒண்ணும் சொல்ல மாட்டாவளா?”

“சொன்னாச் சொல்லட்டும்” என்று அவர் கடலைப் பார்த்தார்.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. தன் பிடிவாதத்தால் ஒரு மனுஷனின் பிழைப்பு போய்விடுமோ என்று மனசு அடித்துக்கொண்டது. அடுத்த சனிக்கிழமை அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள்.

“நூறு கூடு வாங்கிக்கிடுதேன். கூட்டம் நிக்கிற பக்கம் வேண்டாம், கடலைப் பாத்துச் சுட்டுக்கிடலாம். இன்னைக்கே கம்பெனிக்கு எழுதிப் போடுங்க.”

சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள். அவரோ முகம் வெளிறி, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். விரலில் சுற்றியிருந்த முந்தானைத் துணியைத் தடவினார்.

“நூறுக்கு நான் எங்க போவேன்? கம்பெனி வேலையை விட்டு அஞ்சு மாசமாச்சு. இப்ப உப்பளத்துலதான் வேலை. கையில ஒண்ணும் இல்லாம இங்கன எப்படி வாரதுன்னு தெரியாமத்தான், கொழும்புக்குப் போற தோணிக்காரங்கிட்டச் சொல்லிச் சொல்லி இந்த மாதிரிக் கூட்டையெல்லாம் நானே காசு குடுத்து வாங்கிட்டு வந்தேன்.”

அல்போன்சா பசைக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

“சும்மாவே வந்திருக்கலாம்லா” என்றாள்.