அந்தூரியத்துக்கு உரம்

“நிப்பாட்டுங்க! ஓட்டோவ நிப்பாட்டுங்க!”

டினுஷா போட்ட சத்தத்தில் ஜெராட் பிரேக்கை அடித்த அடிக்கு, பின்சீற்றில் கிடந்த கூடாரப் பொதி அவன் முதுகில் வந்து மோதியது.

“என்ன, பாம்பா?”

“பாம்புமில்ல ஒண்டுமில்ல. அங்க பாருங்க, ஆனை இலத்தி! என்ட அந்தூரியத்துக்கு இத விட நல்ல உரம் கிடையா.”

குடும்பிமலைக்குப் போகும் காட்டுப் பாதையோரம் வெயிலில் காய்ந்து உருண்டை உருண்டையாகக் கிடந்ததை ஆசையோடு பொறுக்கி, கையோடு கொண்டுவந்த உரப்பையில் போட்டாள். பை முக்கால்வாசி நிறைந்த பிறகுதான் அவளுக்கு மனம் ஆறியது.

அன்று அவர்களுடைய முதலாவது கலியாண நாள். டினுஷா ஆசைப்பட்டது நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் அறைக்கு. ஜெராட்டோ, வெள்ளைக்காரர்கள் காட்டுப் பாதையோரம் கூடாரம் அடித்துத் தங்கும் வீடியோக்களைப் போனில் பார்த்துப் பார்த்துப் பித்துப் பிடித்துப் போயிருந்தான்.

“வாடகையில்ல, கரண்ட் பில் இல்ல, ஒருத்தர்ட தொல்லையுமில்ல. இது சரிவந்தா இனி வருசா வருசம் இப்பிடித்தான்” என்று தங்கள் ஊரான நாவற்குடா முழுக்கச் சொல்லியும் வைத்துவிட்டான்.

அந்த ‘வருசா வருசம்’தான் டினுஷாவைப் பயமுறுத்தியது.

மலையடிவாரத்தில் ஒரு பாலை மரத்தடியைத் தேடிப் பிடித்துக் கூடாரத்தை அடித்து முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நுளம்பு காதடியில் ரீங்காரமிட்டுக் கடிக்கத் தொடங்கியது.

“கக்கூசு எங்க?” என்று கேட்டாள்.

ஜெராட் காட்டைச் சுற்றிக் கையை வீசிக் காட்டினான். “இவ்வளவும்தான்!”

வேறு வழியில்லாமல் போத்தல் தண்ணீரை எடுத்துக்கொண்டு பற்றைக்குள் போய் வந்தாள். வரும்போது ஜெராட் கையை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்தபடி ஓட்டோவுக்குப் பக்கத்தில் நின்று விசிலடித்துக்கொண்டிருந்தான். அந்தச் சந்தோசத்தைப் பார்த்துவிட்டு ‘வீட்ட போவம்’ என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மனிசன் பாவம், எவ்வளவு ஆசையாக அந்தக் கூடாரத்தை வாங்கினான்!

ஆனால் இங்கே படுக்கவும் முடியாது. கூடாரத்தடிக்கே இப்போதுதான் யானை வந்து போனது என்று தெரிந்தால் அவனாகவே கிளம்பிவிடுவான்.

“நான் கொஞ்சம் விறகு பொறுக்கிட்டு வாறன்” என்று ஜெராட் அந்தப் பக்கம் போனதும் டினுஷா உரப்பையை அவிழ்த்தாள். பை பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஓட்டோ குலுங்கிய குலுக்கலில் அமர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அள்ளிக் கூடார வாசலில் குவித்தாள். புதிதாகத் தெரியட்டும் என்று மேலே தண்ணீரும் தெளித்தாள்.

விறகோடு வந்தவனைப் பார்த்து, “ஐயோ! இஞ்ச வந்து பாருங்க!” என்று நடுங்கிய குரலில் கூப்பிட்டாள். நடுக்கம் நன்றாகத்தான் வந்திருந்தது.

ஜெராட்டின் கையிலிருந்த விறகு சடசடவென்று கீழே விழுந்தது. முகம் வெளிறிப்போயிற்று.

“இவடத்தயுமா?” என்றான்.

“இவடத்தயுமெண்டா?”

“டென்ட்டுக்குப் பின்னாலயும் கிடக்கு, டினு!”

டினுஷாவுக்கு உள்ளே பொங்கிய சிரிப்பு அப்படியே நின்றது. பின்னால் அவள் எதையும் வைக்கவில்லையே! எட்டிப் பார்த்தாள். ஈரம் மினுங்க ஒரு குவியல் கிடந்தது. இப்போது வந்த நடுக்கத்துக்கு நடிப்பு தேவைப்படவில்லை.

கூடாரத்தை மடிக்கவெல்லாம் நேரமில்லை. கம்பியும் துணியுமாக அப்படியே வாரிச் சுருட்டிக்கொண்டு இருவரும் ஓட்டோவைப் பார்த்து ஓடினார்கள். ஏறப்போன நேரத்தில் டினுஷாவின் கால் மெத்தென்ற எதற்குள்ளோ கணுக்கால்வரை புதைந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. நின்று பார்க்க அவளுக்கென்ன பைத்தியமா?

கிரான் ஊருக்குள் வந்து கடை வெளிச்சத்தையும் ஆட்களையும் கண்ட பிறகுதான் இருவருக்கும் மூச்சு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஜெராட் அவளைப் பைப்படியில் நிறுத்தி, தானே குனிந்து அவள் காலைக் கழுவிவிட்டான். டினுஷாவுக்கு மனது கேட்கவில்லை. இப்படிப்பட்டவனைப் போய் ஏமாற்றினோமே என்று அழுகையே வந்துவிட்டது.

“இஞ்சருங்க, கோவிக்கப்படா. வாசல்ல கிடந்தது ஆனை போட்டதில்ல. நான்தான் உரப்பையால எடுத்து வெச்ச.”

ஜெராட் நிமிர்ந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினான்.

“அடியேய்! பின்னுக்குக் கிடந்தது நான் வெச்சதுடி!”

“என்ன?”

“நீ பத்தைக்குள்ள போன நேரம் உரப்பையால அள்ளி வெச்சுத் தண்ணியும் தெளிச்சன். நுளம்பும் இருட்டும்... எனக்கே பயமாப் போச்சு. ஊரெல்லாம் பெருமையடிச்சிட்டு உன்னட்ட எப்பிடிச் சொல்ற?”

அயல் வீட்டு லைற் எரியும்வரைக்கும் இருவரும் சிரித்தார்கள். கூடாரத்தை விற்றுவிடுவது என்றும், அடுத்த வருசம் நுவரெலியாதான் என்றும் பைப்படியிலேயே முடிவானது.

“ஆனா நீ மோசக்காரிதான்” என்றான் ஜெராட், கண்ணைத் துடைத்தபடி. “வாசல்ல வெச்சது காணாதெண்டு ஓட்டோவடியிலயும் கொண்டுபோய்க் கொட்டியிருக்காய். அதையே நீ மிதிச்சாய் பாரு!”

டினுஷாவின் சிரிப்பு நின்றது. கழுவிய காலைக் குனிந்து பார்த்தாள்.

“அத நீங்க வெக்கல்லையா? அது இளஞ்சூடா இருந்திச்சே!”